சரடோகாவும் யார்க்டவுனும்: தோற்றுக்கொண்டே இருந்த படை வென்றது எப்படி?

வினா (ஏட்டுச்சுவடி):
அமெரிக்க விடுதலைப் போரில், 1776இல் நியூயார்க்கையும் மறு ஆண்டில் ஃபிலடெல்பியாவையும் பறிகொடுத்த அமெரிக்கக் கிளர்ச்சிப் படை, பிரிட்டிஷ் பேரரசை வீழ்த்தியது எப்படி? வாஷிங்டனின் போர்த்திறமையே காரணம் என்ற விளக்கம் எனக்கு நிறைவளிக்கவில்லை.

கோட்டைவாசல்:
நிறைவளிக்காததில் வியப்பில்லை, அவர் தோற்ற களங்கள் பல. சரடோகாவிலும் யார்க்டவுனிலும் ஒரு முழுப் பிரிட்டிஷ் படையே சரணடைந்தது என்பதுதான் முக்கியம், ஏனெனில் கடல் கடந்து போரிடும் அரசு ஒரு களத்தை இழந்தால் தாங்கும், ஒரு படையை இழந்தால் ஈடுசெய்வது கடினம். 1777இல் கனடாவிலிருந்து ஆல்பனி நோக்கி இறங்கிய பிரிட்டிஷ் ஜெனரல் பர்காயினின் வழியில் கிளர்ச்சியாளர்கள் மரங்களை வெட்டிச் சாய்த்துப் பாலங்களைத் தகர்த்தார்கள். உணவும் குதிரையும் தேடி அவர் பென்னிங்டன் பக்கம் அனுப்பிய பிரிவு அங்கேயே நொறுங்கியது. துணைக்கு வந்திருக்கக்கூடிய இன்னொரு பிரிட்டிஷ் தளபதி ஹவ்வோ ஃபிலடெல்பியாவைப் பிடிக்கப் போய்விட்டார். அக்டோபர் 17 அன்று, சரடோகாவில், ஏறத்தாழ 6,000 பேருடன் பர்காயின் சரணடைந்தார்.

கடலோடி:
பிரான்ஸை விட்டுவிட்டீர்களே! சரடோகாவில் வெடித்த துப்பாக்கிகளிலும் வெடிமருந்திலும் பெரும்பகுதி பிரான்ஸ் மறைவாக அனுப்பியவை. அந்த வெற்றிக்குப் பிறகு, 1778 பிப்ரவரியில், அது வெளிப்படையாகவே உடன்படிக்கை செய்துகொண்டது. 1781 செப்டம்பர் 5 அன்று பிரெஞ்சுத் தளபதி டி கிராஸின் கப்பற்படை செசபீக் வளைகுடா முகப்பில் பிரிட்டிஷ் கப்பல்களைத் திருப்பி அனுப்பியிராவிட்டால், யார்க்டவுனில் இருந்த பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் கடல்வழியே தப்பியிருப்பார். யார்க்டவுனைப் பாதி பிரெஞ்சு வெற்றி என்றே சொல்வேன்.

கோட்டைவாசல்:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கார்ன்வாலிஸை யார்க்டவுன் வரை தள்ளியது தென்மாநிலப் போர். 1781 ஜனவரியில் கவுபென்ஸில் அமெரிக்கத் தளபதி டேனியல் மார்கன் தம் ஊர்க்காவல் படையினரிடம், ஓடாமல் நில்லுங்கள் என்று கேட்கவில்லை. இரண்டு முறை சுட்டுவிட்டுப் பின்வாங்குங்கள், போதும் என்றார். அவர்கள் விலகியதை ஓட்டமென்று நினைத்து அணி குலைந்து பாய்ந்த பிரிட்டிஷார், பின்னால் காத்திருந்த பயிற்சி பெற்ற வீரர்களிடம் சிக்கினார்கள். ஆத்திரத்தில் தம் மூட்டைவண்டிகளையே எரித்துவிட்டு அமெரிக்கத் தளபதி நதானியேல் கிரீனைத் துரத்திய கார்ன்வாலிஸ், மார்ச்சில் கில்ஃபோர்டில் வென்றார். அந்த வெற்றியில் அவருடைய படையில் கால்பங்கு வீழ்ந்தது.

ஏட்டுச்சுவடி:
நன்றி. பின்னர் இந்தியாவுக்கு வந்த கார்ன்வாலிஸ் இவர்தானா?

கோட்டைவாசல்:
இவரேதான். 1791இல் திப்பு சுல்தானின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணத்தின் அருகே வரை வந்தும், மழையில் இழுவை மாடுகள் செத்துவிழ, முற்றுகைப் பீரங்கிகளை அழித்துவிட்டுத் திரும்பினார். மறு ஆண்டு வந்தபோது, பஞ்சாரா வணிகர்களின் பொதிமாடுகள் தானியத்தோடு அவர் படையைப் பின்தொடர்ந்தன.