சளியை விழுங்கினால் சைனஸுக்கு ஏதாவது ஆகுமா?

தூறல் (கேள்வி)

மூக்கு அடைத்திருக்கும் நாட்களில் சளி பின்பக்கமாகத் தொண்டைக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். அதை விழுங்கினால் நெஞ்சில் கட்டிக்கொள்ளும் என்று ஒரு பேச்சு. வயிற்றுக்குத்தானே போகிறது, ஒன்றும் ஆகாது என்று இன்னொரு பேச்சு. உறிஞ்சினால் சைனஸுக்குள் ஏறிவிடும் என்கிறார்கள். சிந்தினால்தான் ஏறும் என்றும் சொல்கிறார்கள்.

எது சரி, ஏன் சரி என்று காரணத்தோடு தெரிய வேண்டும். பச்சையாகச் சளி வந்தால் ஆன்டிபயாடிக் கட்டாயமா? உப்புநீர் விட்டு மூக்கைக் கழுவுவதென்றால் சரியான அளவு என்ன? "கொஞ்சம் உப்பு" என்று சொல்லாமல் எண்ணாகச் சொன்னால் நல்லது.

வெண்கிளிஞ்சல்

விழுங்குவதிலிருந்து தொடங்குகிறேன். சளியை விழுங்குவது கெட்ட பழக்கம் அல்ல, மூக்கு வேலை செய்யும் முறையே அதுதான். மூக்கும், முக எலும்புகளுக்குள் இருக்கும் காற்றறைகளான சைனஸ்களும் சேர்ந்து ஒரு நாளில் சுரக்கும் சளி அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை என்று பாடநூல்கள் கணக்குச் சொல்கின்றன. நலமாக இருக்கும் நாளிலும் அதில் பெரும்பகுதி நமக்குத் தெரியாமலே தொண்டை வழியாக வயிற்றுக்குப் போகிறது. நீர்தான் அதில் 95 விழுக்காடு. மிச்சம் மியூசின் என்ற பிசுபிசுப்பான புரதம், உப்பு, கிருமியைத் தாக்கும் லைசோசைம், நோய் எதிர்ப்புப் புரதங்கள்.

சளிச்சவ்வின் மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் நொடிக்குப் பத்துப் பதினைந்து முறை அடித்து, இந்தப் படலத்தைப் பின்னோக்கி நகர்த்துகின்றன. வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 மி.மீ. இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. மூக்கினுள் பக்கச்சுவரில் இருக்கும் கீழ்மடிப்பின் முன்நுனிக்கு ஒரு செ.மீ. பின்னால் சாக்கரின் துணுக்கு ஒன்றை வைத்துவிட்டு, தொண்டையில் இனிப்புத் தட்டும் வரை நேரம் பார்ப்பார்கள். இயல்பான மூக்கில் 20 நிமிடத்துக்குள் இனிக்கும். அதாவது, இப்போது மூக்கில் ஒட்டும் தூசு அரை மணிக்குள் விழுங்கப்பட்டிருக்கும். மூக்கின் வாசலை ஒட்டிய சிறு பகுதியில் மட்டும் சளி முன்னோக்கி வந்து காய்ந்து பொருக்காகிறது.

நெஞ்சில் கட்டும் என்ற பயத்துக்கு அடிப்படை இல்லை. விழுங்கும் நொடியில் குரல்வளை மேலெழுந்து மூடிக்கொள்ளும், சளி உணவுக்குழாய்க்குள் போகும். இரைப்பை அமிலத்தில் பெரும்பாலான கிருமிகள் மடிகின்றன. நெஞ்சுச் சளி நுரையீரலின் குழாய்களிலேயே சுரப்பது, அதுவும் மேலே ஏறி வந்து பெரும்பாலும் விழுங்கத்தான் படுகிறது. குழந்தைகளுக்குக் காசநோய் இருக்கிறதா என்று பார்க்க விடிகாலையில் வெறும் வயிற்றிலிருந்து நீர் எடுத்துச் சோதிப்பது இதனால்தான். அவர்களுக்குக் காறித் துப்பத் தெரியாது. இரவெல்லாம் விழுங்கிய சளி இரைப்பையில் கிடக்கும், காசநோய்க் கிருமி அமிலத்தையும் தாங்கும்.

வயிறு முரண்டு பிடிக்கும் இடங்களும் உண்டு. கைக்குழந்தைகள் கெட்டிச் சளியை நிறைய விழுங்கினால் வாந்தி எடுப்பார்கள். மூக்கில் ரத்தம் வந்தால் அதை விழுங்கக் கூடாது, ரத்தம் வயிற்றைப் புரட்டும். முன்பக்கம் குனிந்து, மூக்கெலும்புக்குக் கீழே உள்ள மென்மையான பகுதியை 10 முதல் 15 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்து, வாய்க்கு வருவதைத் துப்ப வேண்டும். தலையை அண்ணாந்து வைப்பது தவறு.

மூன்றாம் மடிப்பு

வெண்கிளிஞ்சல் சொன்னதோடு சைனஸைச் சேர்க்கிறேன். கன்ன எலும்புக்குள் இருக்கும் சைனஸின் வாசல் அடியில் இல்லை, மேல்மூலையில் இருக்கிறது. அகலம் சில மி.மீ. மட்டுமே. நிற்கும்போது சளி தானாக வடியாது, நுண்மயிர்கள்தான் அடித்தளத்திலிருந்து மேலே தள்ளிக்கொண்டு போய் அந்த வாசலில் சேர்க்கின்றன. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரைச் சேர்ந்த வால்டர் மெசர்க்லிங்கர் இந்தப் பாதைகளை விரிவாக ஆராய்ந்தவர். சைனஸின் அடியில் புதிதாக ஓர் ஓட்டை போட்டாலும் சளி அதைத் தாண்டிப் பழைய வாசலுக்கே போகிறது. அதனால்தான் இன்றைய எண்டோஸ்கோப் (மூக்கினுள் விட்டுப் பார்க்கும் மெல்லிய குழல் கேமரா) அறுவைச் சிகிச்சை அந்த இயற்கையான வாசலைத் திறந்துவிடுகிறது.

ஆகவே வாசல் வீங்கி அடைபட்டிருக்கிறதா, நுண்மயிர்கள் ஓடுகின்றனவா என்பதுதான் சைனஸுக்கு முக்கியம். புகைபிடிப்பதும் வறண்ட காற்றும் நுண்மயிர்களின் ஓட்டத்தைக் கெடுக்கும். தூக்கம் வரவைக்கும் பழைய வகை அலர்ஜி மாத்திரைகள் சளியை உலர்த்திக் கெட்டியாக்கும். கெட்டிச் சளியை எந்த மயிராலும் இழுக்க முடியாது.

உறிஞ்சுவதா, சிந்துவதா? உறிஞ்சும்போது மூக்கினுள் அழுத்தம் குறைகிறது, சளி பின்பக்கம் போய்த் தொண்டையில் விழுகிறது. நாகரிகக் குறைவாகத் தோன்றலாம், ஆனால் சைனஸுக்குள் தள்ளும் விசை அதில் இல்லை. ஓயாமல் பலமாக உறிஞ்சுவது மட்டும் நடுக்காதின் அழுத்தத்தைப் பாதிக்கலாம். பலமாகச் சிந்துவதுதான் சிக்கல். 2000-ல் வெளியான ஓர் ஆய்வில், எக்ஸ்ரேயில் தெரியும் திரவத்தை மூக்கில் விட்டு, சிந்த வைத்து, சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். திரவம் சைனஸுக்குள் ஏறியிருந்தது. சிந்தும்போது மூக்கினுள் உண்டான அழுத்தம் சராசரியாக 66 மி.மீ. பாதரசம். தும்மலிலும் இருமலிலும் அதில் பத்தில் ஒரு பங்குதான்.

சிந்தவே கூடாது என்பதல்ல இதன் பொருள். ஒரு துவாரத்தை விரலால் மூடி, மறுபக்கம் மெதுவாக, வாயை லேசாகத் திறந்தபடி ஊதுங்கள். பிறகு பக்கம் மாற்றுங்கள். இரண்டு துவாரத்தையும் சேர்த்து நெரித்துக்கொண்டு ஊதினால் காற்றுக்குப் போக்கிடம் இல்லாமல் காதுக்கும் சைனஸுக்கும் பாயும். காதில் "டப்" என்று கேட்டால் ஊதியது அதிகம். வராத சளியோடு மல்லுக்கட்ட வேண்டாம், முதலில் உப்புநீரால் இளக்குங்கள். 250 மி.லி. நீருக்கு அரை டீஸ்பூன் உப்பு போதும்.

பச்சை நிறம் பற்றி: வெள்ளணுக்களில் உள்ள மைலோபெராக்சிடேஸ் என்ற நொதி பச்சை நிறமுடையது. அணுக்கள் நிறையக் குவிந்தால் சளி பச்சையாகும், சாதாரண வைரஸ் சளியிலும் இது நடக்கும். நிறத்தை மட்டும் பார்த்து ஆன்டிபயாடிக் தொடங்கக் கூடாது. பாக்டீரியா சைனஸ் தொற்று என்று சந்தேகிக்க மூன்று சூழல்கள்: பத்து நாளாகியும் துளியும் குறையாமல் இருப்பது; 39 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சலோடு சீழ்ச் சளியோ முகவலியோ தொடக்கத்திலிருந்தே மூன்று நான்கு நாள் நீடிப்பது; ஐந்தாறு நாளில் தேறி வந்தது திடீரென மறுபடி மோசமாவது.

உப்புக்கணக்கு

மூன்றாம் மடிப்பு சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம். "அரை டீஸ்பூன்" என்பது ஆளுக்கு ஆள் மாறும். தூளுப்பில் தட்டையான அரை டீஸ்பூன் சுமார் 3 கிராம், அது 250 மி.லி.யில் 1.2 விழுக்காடு ஆகிறது. கெடுதல் இல்லை, சிலருக்குச் சற்று எரியும். கல்லுப்பில் அதே அரை டீஸ்பூன் எடை குறைவு. உடலின் உப்புச்செறிவு 0.9 விழுக்காடு, அதாவது லிட்டருக்கு 9 கிராம், 250 மி.லி.க்கு 2.25 கிராம். எடை பார்த்துப் போடுவது நல்லது. அயோடின் சேர்க்காத, கட்டி தட்டாமலிருக்க எதுவும் கலக்காத உப்பு வேண்டும். ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்த்தால் எரிச்சல் குறையும். வெறும் நீர் விட்டால் சுரீரென்று எரிவது, செறிவு குறைந்த நீரைச் சளிச்சவ்வின் உயிரணுக்கள் உறிஞ்சி வீங்குவதால்.

இனி மிக முக்கியமானது. குழாய்நீரை அப்படியே மூக்கில் விடாதீர்கள். நெக்லேரியா ஃபவுலேரி என்ற அமீபா இருக்கும் நீரை விழுங்கினால் ஒன்றும் ஆகாது. அதே நீர் மூக்கின் மேற்கூரையைத் தொட்டால் நுகர்நரம்பு வழியாக மூளைக்கு ஏறி, பெரும்பாலும் உயிரைப் பறித்துவிடும். 2011-ல் அமெரிக்காவின் லூசியானாவில் இருவர் இப்படிக் குழாய்நீரால் மூக்கைக் கழுவி இறந்தார்கள். ஆகவே நீர் தளதளவென்று ஒரு நிமிடம் முழுதாகக் கொதிக்க வேண்டும், 2000 மீட்டருக்கு மேல் உயரமான இடம் என்றால் மூன்று நிமிடம். மூடி ஆறவைத்து, ஒரு நாளுக்குள் பயன்படுத்திவிடுங்கள்.

மணிக்கட்டில் விட்டால் சூடோ குளிரோ தெரியாத அளவு வெதுவெதுப்பு போதும். தொட்டியின் மேல் குனிந்து, தலையை லேசாகப் பக்கவாட்டில் சாய்த்து, வாயால் மூச்சுவிட்டபடி "ஆ..." என்று சொல்லிக்கொண்டே, கரைசல் நிரப்பிய மூக்குக் கழுவும் பாட்டிலை மெதுவாக அழுத்துங்கள். பாதி ஒரு பக்கம், பாதி மறுபக்கம். அந்த நேரத்தில் மட்டும் விழுங்கக் கூடாது. விழுங்கும்போது தொண்டையிலிருந்து காதுக்குப் போகும் குழாய் திறக்கும், நீர் அங்கே புகும், காது அடைத்துக்கொள்ளும். ஒரு பக்கம் முழு அடைப்பு என்றால் பலம் கொடுத்துத் தள்ளாதீர்கள். முடிந்ததும் குனிந்தபடி தலையை இருபுறமும் திருப்பி வடியவிட்டு, மெதுவாக ஊதுங்கள். மிச்சக் கரைசலைக் கொட்டிவிட்டு, பாட்டிலைக் கழுவித் திறந்து உலர்த்துங்கள். ஈரத்தோடு மூடி வைத்த பாட்டிலில் கிருமி வளரும்.

தூறல்

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம் மிச்சம். கழுவி ஒரு மணி நேரம் கழித்துக் குனிந்தால் பொலபொலவென நீர் கொட்டுவது இயல்பா? மூக்கு சுத்தமாக இருந்தும் தொண்டையில் ஏதோ தொங்குவது போலவே இருந்தால் அது சளிதானா?

மூன்றாம் மடிப்பு

கழுவிய பிறகு கொட்டுவது சைனஸில் தங்கிய கரைசல், கவலை வேண்டாம். படுக்கப் போகும் நேரத்தில் கழுவினால் இரவில் தொண்டையில் இறங்கி இருமலாகும், ஒரு மணி நேரம் முன்னதாகச் செய்துவிடுங்கள்.

தொண்டையில் தொங்கும் உணர்வு எப்போதும் சளியால் வருவதல்ல. இரைப்பை அமிலம் நெஞ்செரிச்சலே இல்லாமல் தொண்டை வரை ஏறினாலும் இப்படித்தான் இருக்கும். ஓயாமல் கனைப்பதால் குரல்நாண்கள் உரசி வீங்கும், வீக்கம் சளி போலத் தோன்றும், மறுபடி கனைப்போம். கனைக்கத் தோன்றும்போது ஒரு வாய் நீர் குடித்து விழுங்குங்கள்.

அலர்ஜியால் வடிந்தால் ஸ்டீராய்டு ஸ்ப்ரே (ஃப்ளூட்டிகசோன், மோமெட்டசோன்) உதவும், முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். பலரும் தவறவிடுவது கையைத்தான். வலது துவாரத்துக்கு இடது கையால் பிடித்து, நுனியைக் காதுப் பக்கம் சாய்த்து அடியுங்கள். நடுச்சுவரில் பட்டால் ரத்தம் கசியும். அடித்ததும் பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். கழுவிப் பத்து நிமிடம் கழித்து அடிக்கலாம். அடைப்பை உடனே திறக்கும் ஆக்சிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் சொட்டுகள் வேறு வகை. மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள். அதைத் தாண்டினால் மருந்தே அடைப்பை உண்டாக்கும்.

வெண்கிளிஞ்சல்

மருத்துவரிடம் உடனே போக வேண்டியவை: கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரட்டிப்பது, கழுத்து விறைப்பு, தாங்க முடியாத தலைவலி. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கு மூக்கில் கறுப்புப் பொருக்கோ கன்னத்தில் மரத்துப்போவதோ இருந்தால் கரும்பூஞ்சையா என்று அன்றே பார்க்க வேண்டும். 12 வாரம் நீடித்தால் அது நாள்பட்ட சைனஸ் நோய், எண்டோஸ்கோப் பரிசோதனை தேவை.

ஒரு பக்கம் மட்டும் ஒழுகுவதை எப்போதும் சந்தேகியுங்கள். குழந்தைக்கு ஒரு துவாரத்தில் மட்டும் நாற்றமடிக்கும் சளி என்றால் உள்ளே ஏதோ போட்டுக்கொண்டிருக்கும். பொத்தான் பேட்டரியாக இருந்தால் சில மணி நேரத்தில் நடுச்சுவரை அரித்துவிடும். பெரியவருக்கு மேல்கடைவாய்ப் பல்லின் வேர்த் தொற்று கன்ன சைனஸுக்குள் திறந்திருக்கலாம், பல்லைச் சரிசெய்யாமல் எத்தனை ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் திரும்பி வரும். ரத்தம் கலந்து ஒரு பக்கமே வந்தால் கட்டி இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும்.

தலையில் அடிபட்ட பின்போ மூக்கு அறுவைக்குப் பின்போ, குனிந்தால் ஒரு துவாரத்திலிருந்து தண்ணீர் போலத் தெளிவாக, உப்புக்கரித்துச் சொட்டினால் அது சளி இல்லை, மூளையைச் சூழ்ந்த நீராக இருக்கலாம். சிந்தாதீர்கள், கழுவாதீர்கள். சொட்டுவதைச் சுத்தமான சிறு குப்பியில் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். மூளைநீரை அடையாளம் காட்டும் பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதச் சோதனைக்கு அந்தச் சில சொட்டே போதும்.