ஆண் இல்லாப் பல்லிகள் தீவுகளில் பரவுவது எப்படி?

ஏற்காட்டு நாற்றுப்பண்ணை:
வணக்கம். பசிபிக் தீவுகளில் பெண் பல்லிகள் இணை சேராமலே முட்டையிட்டுப் பெருகுவதாகப் படித்தேன். ஆண் துணையின்றி ஓர் இனம் கடல் கடந்து குடியேறுவது எவ்வாறு? தொட்டிச் செடிகளை வெளியூர்களுக்கு அனுப்பும் நாங்கள் கவனிக்க வேண்டியது உண்டா?

சேலம் விலங்கியல் ஆசிரியை:
ஐயா, நீங்கள் குறிப்பிடுவது லெபிடோடாக்டைலஸ் லுகுப்ரிஸ் என்னும் சிறு பல்லியாக இருக்கும். இரு வேறு இனங்களின் கலப்பில் தோன்றிய இதன் முட்டை, விந்தணு சேராமலே வளர்ந்து தாயின் மரபணு நகலாகப் பொரிவதால், ஒரே ஒரு பல்லியோ, மரப்பட்டையில் ஒட்டிய கடின ஓட்டு முட்டையோ சரக்குடன் கரை சேர்ந்தாலே ஒரு கூட்டம் உருவாகிவிடும். கலாபகஸ் தீவுகளிலும் இது குடியேறியுள்ளது. எனினும் இதை வெல்ல முடியாத இனம் என்று கருதுவது தவறு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஹவாயில் பரவிய ஹெமிடாக்டைலஸ் ஃப்ரெனேட்டஸ், ஆணும் பெண்ணும் உள்ள வீட்டுப் பல்லி. உருவில் பெரிய அது விளக்கொளியில் கூடும் பூச்சிகளை முந்திப் பிடித்து, கட்டடங்களில் இதைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. ஆண் தேவையில்லை என்பது குடியேற உதவுகிறதே தவிர, போட்டியில் காப்பதில்லை.

வாழப்பாடி விவசாயி:
பண்ணைக்காரர் அஞ்ச வேண்டியது வேறொன்று. நம் மண்ணில் மண்புழுவைப் போல நெளியும் புழுப்பாம்பிலும் பெண்கள் மட்டுமே உண்டு. மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம் தொகுதி வழக்கமான இரண்டுக்குப் பதில் மூன்றாக உள்ள அது, தொட்டி மண்ணில் ஒளிந்தே ஹவாய் முதல் ஃபுளோரிடா வரை சென்றுவிட்டது. நஞ்சற்றது, எறும்பு, கறையான்களின் முட்டைகளையும் புழுக்களையும் தின்பது. ஆயினும் தீவுகளுக்குச் செல்லும் செடிகளை மண் நீக்கி, வேரைக் கழுவி அனுப்புங்கள்.

ஏற்காட்டு நாற்றுப்பண்ணை:
மிக்க நன்றி. அந்தமானுக்குச் செல்லும் செடிகளில் இனி அவ்வாறே செய்கிறோம். தொட்டியின் அடிப்புறத்தில் ஒட்டிய முட்டைகளையும் தேடிப் பார்க்கச் சொல்கிறேன்.