பிள்ளைகளின் விசுவாசம்: மனதை விட்டு அகலாத ஓர் அனுபவத்தை எழுதுங்கள்

குருநகர் மறையாசிரியை:

ஞாயிறு மறைக்கல்வி எப்படி நடக்கும் என்பதை இங்குள்ளவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. திருப்பலி முடிந்ததும் பிள்ளைகள் மண்டபத்துக்கு வருவார்கள். அடுத்தது ரியூசன் என்பதால் பாதிப் பேரின் கண் மணிக்கூட்டிலேயே இருக்கும். என் வகுப்பில் எட்டாந்தரத்தில் படிக்கும் ஒரு மாணவன் இருக்கிறான். பாடசாலையில் கத்தோலிக்க பாடத்துக்கு எப்போதும் முதலிடம் பெறுபவன்; ஏழு அருட்சாதனங்களையும் மூச்சு விடாமல் ஒப்புவிப்பவன். தவக்காலத்தில் ஒரு நாள், சிறிது நேரம் அமைதியாக இருந்து ஆண்டவரோடு கதையுங்கள் என்று வகுப்புக்குச் சொன்னேன். எல்லோரும் கண்களை மூடினார்கள். அவன் மட்டும் பேனையைத் திறந்து, "எத்தனை வரி எழுதவேணும் ரீச்சர்?" என்று கேட்டான். எழுத வேண்டாம், கதைத்தால் போதும் என்றேன். "அவரைப் பற்றி எவ்வளவும் எழுதுவன் ரீச்சர். அவரோட கதைச்சதில்லை. என்ன சொல்லித் தொடங்கிறது?" என்றான்.

அவன் பகிடிக்குக் கேட்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. சாதாரண தரப் பரீட்சை வரை சமயமும் புள்ளிக்குரிய கட்டாய பாடமாக இருப்பதால், கடவுளும் எங்கள் பிள்ளைகளுக்குக் கடந்தகால வினாத்தாளில் மட்டும் சந்திக்கின்ற ஒருவராகி விடுகிறாரோ என்ற எண்ணம் என்னை விடவில்லை. நீங்கள் என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்?

பாஷையூர்த் தாய்:

ரீச்சர், என் மகளுக்கு அந்தக் கேள்வியே வந்ததில்லை. கணவர் கடற்றொழில் செய்பவர். மாரிகால இரவொன்றில் காற்று எழும்பிவிட்டது. வள்ளம் வரவேண்டிய நேரமும் கடந்துவிட்டது. தொலைபேசியில் தொடர்பு கிடைக்கவில்லை. மாமி செபமாலையைத் தொடங்கினார். ஐந்து வயது மகள் செபமாலையின் இரண்டாம் பத்து மணிகளின் நடுவில் எழுந்து போய், கொடியில் கிடந்த தகப்பனின் சாரத்தை இழுத்து வந்து, காணாமற்போனதைத் தேடித்தரும் அந்தோனியாரின் சுரூபத்தின் காலடியில் வைத்தாள். "இது அப்பான்ர சாரம். மணந்து பாத்துத் தேடுங்கோ. எனக்கு நித்திரை வருது" என்று சொல்லிவிட்டுப் பாயில் படுத்துவிட்டாள். அதட்டுவதற்கு வாயெடுத்த மாமி, சிரிப்பு வந்து பத்து மணியின் எண்ணிக்கையைத் தவறவிட்டார்.

விடியுமுன் கணவர் கரை வந்து சேர்ந்தார். என் மனதில் நிற்பது அதுவன்று. கச்சதீவுத் திருவிழாவுக்குப் படகேறிப் போய் நேர்த்தி செலுத்தி வருகின்ற குடும்பம் எங்களுடையது. இருந்தும் அன்றிரவு பெரியவர்களில் ஒருவர்கூடக் கண் மூடவில்லை. சொல்லவேண்டியதைச் சொல்லி ஒப்படைத்துவிட்டு உறங்கியவள் அவள் ஒருத்திதான்.

வட்டுக்கோட்டை ஓய்வுநிலை ஆசிரியர்:

மறையாசிரியை அவர்கள் பாடத்திட்டத்தின்மீது பழியைப் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவன். பாடசாலையில் கிறிஸ்தவ பாடம் கற்பித்தவன். யாரென்றே அறியாத ஒருவரோடு பிள்ளை எப்படி உறவு கொள்ளும்? நோய் இதைவிடப் பழையது. 1816 இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள். எங்கள் ஊரில் 1823 இல் செமினரி என்ற உயர்கல்விக்கூடமும், உடுவிலில் 1824 இல் பெண்கள் விடுதிப் பாடசாலையும் எழுந்தன. கல்வியால் நாம் அடைந்த நன்மையை மறுப்பவன் நன்றி கெட்டவன். ஆனால் ஜெபிக்கக் கற்றுக்கொடுப்பது பள்ளிக்கூடத்தின் வேலை என்று பெற்றோர் கையைக் கட்டிக்கொள்ளும் பழக்கமும் அந்த விடுதிகளோடுதான் வேரூன்றியது என்பது என் கருத்து.

என் அனுபவம் சிறியது. பேரனுக்குச் சாமுவேலின் கதையை வாசித்துக் காட்டினேன். கடவுள் மூன்று தரம் கூப்பிட்டும், பிள்ளை மூன்று தரமும் ஆசாரியனான ஏலிதான் கூப்பிட்டார் என்று எண்ணி அவரிடம் ஓடுகிறான் அல்லவா? பேரன் என்னை நிறுத்தி, "அப்பப்பா, ஏலி கோயில்லதானே இருந்தவர்? அவருக்கு ஏன் கேக்கேல்லை?" என்றான். வேதாகமத்தை மூடிவைத்துவிட்டேன்.

கேட்காமலே சிலவற்றைச் சொல்லுகிறேன், பொறுத்தருளுங்கள். முதலாவது, அடம்பிடிக்கும் பிள்ளையிடம் சாமி கண்ணைக் குத்தும் என்று சொல்வதைச் சபை வேறுபாடின்றி எல்லோரும் நிறுத்தவேண்டும். கண்ணைக் குத்துகிறவரிடம் எந்தப் பிள்ளை மனதைத் திறக்கும்? அடுத்து, உபாகமம் 6:7 ஐ எடுத்துப் பாருங்கள். வீட்டில் இருக்கையிலும் வழியில் நடக்கையிலும் படுக்கையிலும் எழும்புகையிலும் பிள்ளைகளோடு பேசு என்கிறது. வகுப்பறை அந்த வசனத்திலேயே இல்லை. பாடசாலைக்குச் சைக்கிளில் ஏற்றிப்போகும் நேரமும் போதும். குடும்ப ஜெபத்தில் உலக நாடுகள் அனைத்தையும் சுற்றிவரும் பெரியவர்கள், பிள்ளை ஆமெனுக்காக மட்டுமே காத்திருக்கிறது என்பதை அறியவேண்டும். மனப்பாட ஜெபம் உதட்டோடு நின்றுவிடும். ஒரு வசனமேயானாலும் பிள்ளை தன் சொந்த வார்த்தையில் சொல்லட்டும். அந்த மாணவன் எதைச் சொல்லித் தொடங்குவது என்று கேட்டால், முறைப்பாட்டோடு தொடங்கு என்று சொல்லுங்கள். பதின்மூன்றாம் சங்கீதம், எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறது.

சாவகச்சேரியிலிருந்து ஒரு தாய்:

ஐயா எழுதியவற்றில் கண்ணைக் குத்தும் கடவுளைப் பற்றியதற்கு நான் இரண்டு கையையும் உயர்த்துகிறேன். மனப்பாட ஜெபத்தைப் பற்றியதற்கு மாட்டேன்.

1995 ஒக்ரோபர் 30 இரவு போரால் இடம்பெயர்ந்து வலிகாமத்திலிருந்து நடந்தவர்களுக்கு நாவற்குழிப் பாலத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. நான் அப்போது சிறுமி. மழை. முன்னும் பின்னும் சனம். ஓர் அடி வைக்க இடமில்லை. அம்மம்மாவின் சேலைத் தலைப்பு என் கையில் சுற்றியிருந்தது. அவர் எங்கே என்று நிமிர்ந்து பார்க்கவும் எனக்குப் பயம். பின்னாலிருந்து, முகம் தெரியாத ஒரு பெண் "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கினார். பக்கத்தில் நின்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள்; என் வாயும் தானாகவே அதைச் சொல்லத் தொடங்கியது. என் சொந்த வார்த்தைகளுக்காகக் காத்திருந்தால் கடவுள் அன்று பல் நடுங்கும் சத்தத்தைத்தான் கேட்டிருப்பார். அந்தச் செபம் உதட்டோடு நின்றதா இல்லையா என்று அங்கே நின்ற எவரிடமும் கேட்டுப் பாருங்கள்.

என் பிள்ளைகள் செபங்களை மனனம் செய்கிறார்கள். விளங்குவது பிறகு விளங்கட்டும். இன்னொன்று: ஐயா அந்த மாணவனுக்குப் பரிந்துரைக்கும் சங்கீதமும், ஒருவர் பாடிவைத்ததைத் தலைமுறை தலைமுறையாக மற்றவர்கள் ஓதி வந்ததுதானே?

இளவாலைத் தகப்பன்:

இரண்டு பேரின் வாதத்துக்குள்ளும் நான் வரவில்லை. நீ. மரியசேவியர் அடிகள் 1965 இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றத்தின், இயேசுவின் பாடுகளை நடித்துக் காட்டும் திருப்பாடுகளின் காட்சிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, பங்குகளில் நடக்கும் சிறிய காட்சிகளின் ஒத்திகை எப்படியிருக்கும் என்பது தெரியும். எங்கள் பங்கின் காட்சியில் என் மகளுக்குக் கூட்டத்தில் ஒருத்தியாக இடம் கிடைத்தது. பிலாத்து கேட்டதும் எல்லோரும் "சிலுவையில் அறையும்!" என்று கத்தவேண்டும். எல்லோரும் கத்தினார்கள், அவள் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றாள். பழக்குகின்ற அண்ணர் இரண்டாம் முறையும் செய்யச் சொன்னார். அப்போதும் அப்படியே நின்றாள். ஏன் என்று கேட்டதற்கு, "நான் நேற்றிரவும் அவரோட கதைச்சனான். இண்டைக்கு எப்பிடி இதைச் சொல்லுறது?" என்றாள்.

இது நடிப்புத்தான், இயேசுவாக நிற்பவர் உன் வீட்டு மின்விசிறியைத் திருத்தித் தந்த மாமாதானே என்று அண்ணர் விளங்கப்படுத்தினார். அவள் அசையவில்லை. கடைசியில் அவளை, சிலுவை சுமந்து போகும் இயேசுவுக்காக அழும் எருசலேம் பெண்களின் கூட்டத்துக்கு மாற்றினார்கள். அங்கே வசனம் எதுவும் இல்லை. போவதற்கு முன் அவள் ஒரு நிபந்தனை வைத்தாள்: அழுவதுபோல் நடிக்கச் சொல்லக்கூடாது, அழுகை வந்தால் மட்டும் அழுவாள். அண்ணர் அதற்கு இன்னும் சம்மதிக்கவில்லை; அடுத்த ஒத்திகை வெள்ளிக்கிழமை.