பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்த டவுசர்

போன மார்கழியில் ஒரு நாள் பீரோவை நகர்த்திக் கூட்டும்போது, பின்னால் சுருட்டிச் செருகிய மூன்று டவுசர்கள் கிடைத்தன. காய்ந்து விறைத்திருந்தன. நாற்றத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது. ஆறு வயது மகனுடையவை. ராத்திரி படுக்கையை நனைத்துவிட்டு, இருட்டில் தானே எழுந்து டவுசர் மாற்றி, ஈரமானதை அங்கே ஒளித்து வைத்திருக்கிறான். ஈர ஜமுக்காளத்தின் மேல் போர்வையை மடித்துப் போட்டு அதிலேயே மறுபடி படுத்திருக்கிறான். அதற்கு முந்தின வாரம்தான் அவனை நான் திட்டியிருந்தேன். "ஸ்கூலுக்குப் போற பையன் செய்யற வேலையா இது?" என்று அவன் தங்கை முன்னால் வைத்தே கேட்டேன். அதை இப்போது நினைத்தாலும் மனசு கனத்துப் போகிறது.

அன்று சாயங்காலம் என் அம்மாவிடம் சொன்னேன். அம்மா சாதாரணமாகச் சொன்னார்: "நீயும் நாலாப்பு படிக்கிற வரைக்கும் நனச்சவன்தாம்ல. ஒங்க அப்பா அடிச்சா நின்னுச்சு? அதுவாத்தான் நின்னுச்சு." எனக்குச் சுத்தமாக மறந்திருந்தது. அம்மா சொன்னதும் எல்லாம் ஞாபகம் வந்தது. தெருவில் "நெருப்புல விளையாண்டியால?" என்று பெரியவர்கள் கேட்டுச் சிரிப்பது, காலையில் கொடியில் தொங்கும் என் பாயைப் பார்த்து நான் பின்வாசல் வழியாகப் போவது, எல்லாம்.

ராத்திரி மகனைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு, "அப்பாவும் ஒன்ன மாதிரிதான்டா இருந்தேன்" என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டான்: "ஒங்கள யாராவது அடிச்சாங்களாப்பா?"

மறுநாளே குழந்தை மருத்துவரிடம் நேரம் கேட்டேன்.

மாத்திரை எழுதிக் கொடுப்பார் என்று நினைத்துத்தான் போனேன். அவர் முதலில் கேட்ட கேள்வி, "வெளிக்கு எத்தனை நாளைக்கு ஒரு தடவை போறான்?" என்பது. நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தானே போய்க் கழுவிக்கொள்கிற பையன், யார் கணக்கு வைத்தோம்? வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மலம் இறுகிக் கிடக்கிறது என்றார். மலக்குடல் சிறுநீர்ப்பைக்கு நேர் பின்னால் இருக்கிறது. அது நிறைந்து புடைத்திருந்தால் பையை அழுத்தும், பை முழுக்க விரிய இடம் இருக்காது. பகலில் எப்படியோ சமாளித்துவிடுவார்கள், தூக்கத்தில் முடியாது.

இரண்டு வாரம் நோட்டில் எழுதச் சொன்னார். எப்போது எவ்வளவு குடிக்கிறான், எப்போது ஒண்ணுக்குப் போகிறான், எந்த ராத்திரி நனைந்தது. லீவு நாளில் அளவுக் கப்பில் பிடித்துப் பார்க்கவும் சொன்னார். வயதோடு ஒன்றைக் கூட்டி 30-ஆல் பெருக்கினால் வருவது, அந்த வயதுப் பிள்ளையின் பை கொள்ளும் அளவு, மில்லியில். ஆறு வயதுக்கு 210. என் மகனுக்கு எந்தத் தடவையும் 130-ஐத் தாண்டவில்லை.

அந்த நோட்டுதான் எங்களுக்குக் கண்ணைத் திறந்தது. பள்ளிக்குக் கொண்டுபோகும் அரை லிட்டர் பாட்டில் அப்படியே திரும்பி வருகிறது. ஏன் குடிக்கவில்லை என்று கேட்டால், "குடிச்சா பாத்ரூம் போணும்ல." பள்ளிக் கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை, பெரிய வகுப்புப் பையன்கள் கதவைத் தள்ளுகிறார்களாம். அதனால் காலை எட்டரையிலிருந்து நாலு மணி வரை அடக்குகிறான், சிறுநீரையும் மலத்தையும் சேர்த்து. வீட்டுக்கு வந்ததும் தாகத்தில் இரண்டு டம்ளர், டியூஷன் முடிந்து இன்னொன்று, ஒன்பது மணிக்கு ஒரு பெரிய டம்ளர் பால். நாள் முழுவதும் உடம்புக்குப் போக வேண்டிய தண்ணீர் மொத்தமும் இருட்டின பிறகு போயிருக்கிறது. 2019-ல் கேரளப் பள்ளிகளில் தண்ணீர் குடிக்கவென்றே தனி மணி அடிக்கத் தொடங்கியபோது நான் அதைச் சாதாரணச் செய்தியாகப் படித்துவிட்டுப் போனேன். அது எவ்வளவு பெரிய காரியம் என்று இப்போது தெரிகிறது. கூடவே தாழ்ப்பாள் போட்ட சுத்தமான கழிப்பறையும் வேண்டும்.

வகுப்பு டீச்சரைப் பார்த்துத் தனியாகப் பேசினேன். பாடம் நடக்கும்போது, கூட்டமில்லாத நேரத்தில் அவன் எழுந்து போகலாம், கேள்வி கிடையாது என்று ஒப்புக்கொண்டார். அந்த ஒரு உதவி பாதிப் பாரத்தை இறக்கியது. மலம் இளகுவதற்கான மருந்து இரண்டு மாதம். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு அவசரப்படுத்தாமல் பத்து நிமிடம் உட்கார வைத்தோம். பாலை ஆறு மணிக்கு மாற்றினோம். படுக்கும் முன் கதைக்கு முன்னால் ஒரு தடவை, கதைக்குப் பின்னால் ஒரு தடவை ஒண்ணுக்கு. பாத்ரூம் வரை சின்ன விளக்கு.

படுக்கையை இரட்டையாக விரித்தோம்: ரப்பர் ஷீட், பழைய வேட்டி, அதன் மேல் மறுபடி ரப்பர் ஷீட், வேட்டி. நனைந்தால் மேலே உள்ள இரண்டையும் உருவி எடுத்தால் அடியில் காய்ந்த படுக்கை தயார். ஈரத்துணி போட பாத்ரூமில் ஒரு வாளி. "இதுல போட்டுரு, யாரும் ஒண்ணும் கேக்க மாட்டோம்" என்று சொல்லி வைத்தோம். காலண்டரில் நட்சத்திரம் ஒட்டுவதையும் மருத்துவர் திருத்தினார். நனையாத ராத்திரிக்கு ஒட்டாதீர்கள், அது அவன் கையில் இல்லை, பாட்டிலைக் காலி செய்ததற்கும் படுக்கும் முன் போனதற்கும் ஒட்டுங்கள் என்றார்.

அதற்கு முன்னால் ஒரு வருடம் பன்னிரண்டு மணிக்கு அரைத்தூக்கத்தில் தூக்கிக்கொண்டு போய் நிறுத்தினோம். துணி காய்ந்திருந்தது, அவ்வளவுதான். அவன் விழித்துக்கொள்ளக் கற்கவில்லை.

வாரத்துக்கு ஐந்து ராத்திரி நனைந்தது. இரண்டு மாதத்தில் இரண்டானது. சித்திரையில் முதல் தடவையாக ஒரு வாரம் முழுவதும் நனையவில்லை. இப்போது மாதத்தில் ஓரிரு தடவை.

ஐந்து வயதில் நூற்றுக்குப் பதினைந்து பிள்ளைகள் போல நனைக்கிறார்கள், அதில் வருடத்துக்கு நூற்றுக்குப் பதினைந்து பேருக்குத் தானாகவே நின்றுவிடுகிறது என்று மருத்துவர் சொன்னார். அப்பா, அம்மாவில் ஒருவருக்கு இருந்திருந்தால் பிள்ளைக்கு வர வாய்ப்பு நூற்றுக்கு 44, இருவருக்கும் என்றால் 77. எங்கள் வீட்டில் நான்.

உங்கள் வீட்டில் எப்படி நடந்தது என்று எழுதுங்கள்.

*

கோயம்புத்தூரிலிருந்து, ஒன்பது வயதுப் பையனின் அம்மா

அண்ணா, எங்களுக்கு மலச்சிக்கல் இல்லை. தண்ணீரையும் ஒழுங்குபடுத்தினோம். அப்படியும் நிற்கவில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு ராத்திரியில் சிறுநீரைக் குறைக்கிற ஒரு ஹார்மோன் கூடுதலாகச் சுரக்கும், சிலருக்கு அது தாமதமாகத்தான் வரும், கூடவே பை நிறைந்த சேதி தூக்கத்தைக் கலைப்பதில்லை என்று எங்கள் டாக்டர் விளக்கினார். அலாரம் வாங்கச் சொன்னார். ஜட்டியில் ஒரு கிளிப், முதல் சொட்டு பட்டதுமே சத்தம் போடும்.

யாராவது வாங்குவதாக இருந்தால் முதல் இரண்டு வாரத்துக்கு மனசைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள். நான், அவர், மாமியார் எல்லாரும் எழுந்தோம். அவன் அசையவில்லை. தினமும் நானே உலுக்கி எழுப்பி, அவன் கையாலேயே நிறுத்த வைத்து, நடத்திக் கூட்டிக்கொண்டு போனேன். மூன்றாவது வாரம் ஒன்றைக் கவனித்தேன். துணியில் ஈரத்தின் வட்டம் சின்னதாகிறது. அதாவது பாதியில் நிறுத்துகிறான். அதுதான் முதல் நல்ல அடையாளம், அதைப் பார்க்காமல் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். ஏழாவது வாரம் முதல் காய்ந்த ராத்திரி. தொடர்ந்து பதினான்கு ராத்திரி காய்ந்த பிறகே நிறுத்தச் சொன்னார், எங்களுக்குப் பதின்மூன்று வாரம் ஆனது.

நடுவில் ஒரு பள்ளிச் சுற்றுலா. அதற்கு மட்டும், ராத்திரியில் சிறுநீரைக் குறைக்கிற டெஸ்மோபிரசின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போடணும், போட்ட பிறகு காலை வரை ஒரு மடக்குக்கு மேல் தண்ணீர் கூடாது. குடித்தால் உடம்பில் தண்ணீர் தங்கி, ரத்தத்தில் உப்பு இறங்கி, வலிப்பு வரைக்கும் போகலாம். அடுத்த வீட்டுப் பிள்ளையின் சீட்டைப் பார்த்து வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

*

தஞ்சாவூரிலிருந்து

என் அனுபவம் வேறு. தயவுசெய்து முழுக்கப் படியுங்கள். மகளுக்கு அப்போது ஐந்து வயது. மூன்றிலேயே நனைப்பது நின்றுவிட்டது. ஆடியில் தம்பி பிறந்தான், புரட்டாசியில் மறுபடி தொடங்கியது. "தம்பி வந்த ஏக்கம், சரியாப் போயிரும்" என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் நம்பினேன், அப்படி நடப்பதும் உண்டுதானே. ஆனால் ராத்திரி எழுந்து சொம்புத் தண்ணீரைக் காலி செய்தாள். பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. கைக்குழந்தையோடு இருந்த நான் இதையெல்லாம் தனித்தனியாகப் பார்த்தேன், சேர்த்துப் பார்க்கவில்லை.

பத்தாவது நாள் வாந்தி எடுத்துத் துவண்டாள். சர்க்கரை 400-க்கு மேல். டைப் 1 சர்க்கரை நோய். இப்போது இன்சுலின் போட்டுக்கொண்டு நன்றாக ஓடியாடுகிறாள்.

ஆறு மாதத்துக்கு மேல் நனைக்காமல் இருந்த பிள்ளை மறுபடி நனைத்தால் சிறுநீரையும் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள். தாகமும் மெலிவும் சேர்ந்திருந்தால் அன்றைக்கே போங்கள், மறுநாள் என்று வைக்காதீர்கள். ஒண்ணுக்குப் போகும்போது எரிச்சல், காய்ச்சல் இருந்தாலும் தொற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

*

மதுரைப் பக்கத்திலிருந்து

எனக்கு நாற்பத்திரண்டு வயது. ஏழு வயதில் பெரியம்மா வீட்டில் லீவுக்குத் தங்கியிருந்தபோது நனைத்தேன். கரண்டிக் காம்பைக் காய்ச்சி இடது தொடையில் சூடு வைத்தார்கள். அவர் கெட்டவர் இல்லை, அப்படித்தான் நிற்கும் என்று நம்பினார். நிற்கவில்லை. நான் தூங்குவதுதான் நின்றது. விடிய விடிய உட்கார்ந்திருப்பேன்.

இப்போது தங்கை மகள் என்னிடம் வளர்கிறாள், அவளுக்கும் உண்டு. எங்கள் ஊரில் எள்ளுருண்டை கொடுக்கச் சொல்வார்கள். கொடுக்கிறேன், அவளுக்குப் பிடிக்கும். அதனால் நின்றது என்று என்னால் சொல்ல முடியாது. காலையில் அவள் முகத்தைப் பார்த்து நான் சொல்வது ஒன்றே ஒன்று: "குளிச்சுட்டு வா கண்ணு, தோசை ஊத்துறேன்."

*

முதலில் எழுதியவன்

தஞ்சாவூர் அக்காவுக்கு நன்றி. நீங்கள் எழுதியதைப் படித்த அன்றே மனைவியிடம் காட்டினேன். எங்கள் மருத்துவரும் முதல் நாளே சிறுநீர்ப் பரிசோதனை எடுத்திருந்தார், அது எதற்கென்று இப்போதுதான் புரிகிறது. மதுரை அக்கா, உங்களுக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

போன மாதம் ஒரு கல்யாணம். மண்டபத்தில் பிள்ளைகள் எல்லாரும் வரிசையாக ஜமுக்காளத்தில் படுப்பார்கள். சுவர் ஓரமாக எங்கள் இருவருக்கும் இடம் பிடித்தேன். ஒரு துணிப்பையில் ரப்பர் ஷீட், வேட்டி இரண்டு, மாற்று டவுசர். கிளம்பும்போது வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தேன். வாசலிலிருந்து அவனே கேட்டான்: "அப்பா, நம்ம பை எடுத்தாச்சா?"