குறையுள்ள வீட்டிலும் குடும்ப ஜெபம்

கணவரோடு மனத்தாங்கல் இருக்கும் நாட்களில் குடும்ப ஜெபம் நடத்தினால் அது வேஷம் ஆகிவிடாதா என்று சகோதரி ஒருவர் இங்கே கேட்டிருந்தார். எங்கள் வீடும் இதே கேள்வியோடு நெடுநாள் போராடியது என்பதால், நடந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நாங்கள் புரசைவாக்கத்தில் வசிக்கும் லுத்தரன் குடும்பம். கணவர் ஒரகடத்தில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறார். கணவரின் தாயாரான அத்தை எங்களோடு இருக்கிறார்கள். மகன் கல்லூரியிலும் மகள் பள்ளியிலும் படிக்கிறார்கள். நண்பர் ஒருவருக்காகக் கணவர் ஜாமீன் கையெழுத்துப் போட, அந்த நண்பர் ஊரைவிட்டே போய்விட்டதால், கடன் முழுவதும் எங்கள் தலையில் விழுந்தது. அப்போதும் குடும்ப ஜெபம் நிற்கவில்லை. அதன் தன்மைதான் மாறிவிட்டது. "பெற்றவள் பேச்சைக் கேளாத பிள்ளைக்குப் புத்தியைத் தாரும் ஆண்டவரே" என்று அத்தை கண்ணீரோடு ஜெபிப்பார்கள். "சொல்லாலே குத்துகிறவர்களின் இருதயத்தை மாற்றும்" என்று கணவர் தம் முறை வரும்போது ஜெபிப்பார். வாக்குவாதமாக இருந்தால் பதில் பேசலாம், சமாதானமும் ஆகலாம். ஜெபமாக வருவதற்கு யார் என்ன பதில் சொல்ல முடியும்? ஒரு நாள் பாதியில் எழுந்துபோன மகன் அதன்பின் எங்களோடு உட்காரவே இல்லை.

வீடு சந்திக்க வந்த முதிய சபை மூப்பர் ஒருவரிடம் அத்தையே இதைச் சொன்னார்கள். அவர் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. ஜெர்மன் மிஷனரியான பெப்ரிஷியஸ் ஐயரைப் பற்றிப் பேசினார். 1742இல் சென்னைக்கு வந்து, பெரும்பாலும் வேப்பேரியிலேயே ஊழியம் செய்து, வேதாகமத்தைத் தமிழில் மொழிபெயர்த்து, நாங்கள் இன்றும் பாடும் ஞானப்பாட்டுகள் பலவற்றை ஜெர்மன் மொழியிலிருந்து தந்த அந்த மனிதர், பணவிவகாரத்தில் சிக்கி முதுமையில் கடனுக்காகச் சிறையில் இருந்தார், 1791இல் மரித்தார் என்று அவர் சொன்னபோது, அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வீட்டாரிடம் சொல்ல வேண்டியதை வீட்டாரிடமே சொல்லுங்கள், ஜெபத்தில் அவரவர் காரியத்தை மட்டும் சொல்லுங்கள்" என்பதே மூப்பர் கொடுத்த ஆலோசனை. எத்தனையோ பிரசங்கங்கள் செய்யாததை அந்த ஒரு சொல் எங்களுக்குச் செய்தது என்றே நான் நம்புகிறேன்.

இப்போது ஒரு ஞானப்பாட்டின் இரண்டு சரணங்கள், மகள் வாசிக்கும் ஒரு வேதபகுதி, பிறகு இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபம், அவ்வளவுதான். மனத்தாங்கல் இருந்தால் அதை முன்னதாகவோ பின்னதாகவோ சமையலறையில் பேசிக்கொள்கிறோம்; சில நாட்களில் பேசி முடியாமலே ஜெபத்துக்கு உட்காருகிறோம். "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்ற இடம் வரும்போது கணவரின் குரல் பல மாதங்கள் நின்றுபோயிற்று. ஓடிப்போன நண்பரை மன்னிக்க முடியாத நிலையில் அதை வாயால் மட்டும் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. நாங்கள் அவரை வற்புறுத்தவில்லை. சொல்லாமல் விட்ட அந்த மௌனத்தில் வேஷம் இல்லை, சகோதரி. உங்கள் கேள்விக்கு என் பதில் அதுதான்.

வேதமும் குடும்பங்களின் குறையை மறைப்பதில்லை. ஈசாக்கு ஏசாவையும் ரெபெக்காள் யாக்கோபையும் நேசித்ததால் பிளவுபட்ட வீட்டையும், யோசேப்பை விற்ற சகோதரரையும் அது அப்படியே எழுதி வைத்திருக்கிறது. ஆனால், போதகர் ஐயா வருகிறார் என்றாலோ, டிசம்பரில் இரவு கேரல் குழு வாசலுக்கு வருகிறது என்றாலோ, நம்மில் பலர் சண்டை தெரியாதபடி முகத்தைத் துடைத்துக்கொள்கிறோம். அதைப் பார்த்தே வளரும் பிள்ளைகள் விசுவாசத்தையும் விருந்தினருக்கான காரியமாக எண்ணிவிடுவார்களோ என்பதே என் கவலை.

கடன் இன்னும் தீரவில்லை. மகன் பெரும்பாலும் அடுத்த அறையிலேயே இருக்கிறான். அவனைத் திருத்தும் நோக்கத்தில் அவன் பெயரை ஜெபத்தில் எடுப்பதில்லை என்று அத்தை உட்பட அனைவரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம். தேர்வு நாட்களில் மட்டும் அவனே வந்து, தனக்காக ஜெபிக்கும்படி கேட்கிறான்.

உங்கள் கணவர் உட்கார மறுத்தால், பிள்ளைகளோடு மட்டும் தொடங்குங்கள். பவுலோடு ஊழியம் செய்த தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கன். அவனுக்கு முன்னே விசுவாசத்தில் நின்றவர்கள் பாட்டி லோவிசாளும் தாய் ஐனிக்கேயாளுமே. உங்கள் கணவருக்கு இரவு ஷிஃப்ட் என்றால் மாலை ஏழு மணியைப் பிடித்துக்கொண்டிராமல், அவர் வீட்டில் இருக்கும் வேளைக்கு நேரத்தை மாற்றுங்கள். எங்கள் வீட்டில் அது வாரத்துக்கு வாரம் மாறுகிறது.