சீனப் பேரரசர்களின் கல்லறை நிலங்கள்: போய்ப் பார்த்தவர்கள் சொல்கிறோம்

மலை, நீர், காற்று பார்த்து நல்ல இடம் தேர்ந்தெடுக்கும் சீனக் கலைதான் ஃபெங் சூயி. அந்தப் பெயரைக் கேட்டாலே நமக்கு ஞாபகம் வருவது கடையில் விற்கும் சிரிக்கும் புத்தர் பொம்மைதான். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குப் புரிந்தது மிங் அரச வம்சத்தின் கல்லறைகளில். பெய்ஜிங்குக்கு வடக்கே சுமார் 50 கி.மீ. தொலைவில், ஒரே பள்ளத்தாக்கில் 13 பேரரசர்கள் அடக்கமாகியிருக்கிறார்கள். வருகிறவர்களில் நிறையப் பேர் நேராக வான்லி பேரரசரின் கல்லறையான திங்லிங்குக்குப் போய், அதன் நிலத்தடி அறைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நானும் இறங்கிப் பார்த்தேன். ஆனால் பார்க்க வேண்டியது மேலேதான் இருக்கிறது.

மிங் வம்சத்து யோங்லே பேரரசரின் பட்டத்தரசி 1407இல் இறந்தார். நல்ல இடம் தேடி அலைந்தபோது, லியாவ் ஜுன்ச்சிங் என்ற நிலம் பார்ப்பவர் காட்டிய இடம் இது. 1409இல் வேலை தொடங்கியது. யோங்லேயின் கல்லறையான சாங்லிங்கின் கோபுரத்தில் ஏறி, மலைக்கு முதுகைக் காட்டித் தெற்கே பார்த்தால் அவர் என்ன பார்த்தார் என்பது விளங்கும். பின்னால் தியான்ஷோ மலை, இரண்டு பக்கமும் வளைந்து வரும் மலைக்கரங்கள், தெற்கே மட்டும் திறப்பு. அந்த வாசலில் ஒரு பக்கம் டிராகன் குன்று, மறுபக்கம் புலிக் குன்று. பெய்ஜிங்கின் குளிர்கால வடகாற்றை அனுபவித்தவர்களுக்குத் தெரியும், பின்னால் மலை இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று. காற்று அடித்தால் உயிர்ச்சக்தி கலைந்துவிடும், நீர் எதிர்ப்பட்டால் நின்றுவிடும் என்பதுதான் இந்தக் கலையின் அடிப்படை.

என்னை அசத்தியது அங்கே போகும் பாதை. கல் யானைகளும் ஒட்டகங்களும் நிற்கும் அந்தப் பாதை சுமார் 7 கி.மீ. நீளம். அது முழுக்க நேர்க்கோடு இல்லை. இரண்டு பக்க மலைகளும் ஒரே அளவில் இல்லாததால், சிறிய மலையை ஒட்டிக் கொஞ்சம் விலகிப் போகிறது. அருகில் வருவதால் சிறியது பெரிதாகத் தெரியும், இரண்டு பக்கமும் சமமாகத் தோன்றும். கூட வந்த சீன நண்பர் சொல்லித்தான் கவனித்தேன். அப்புறம் அந்தப் பாதையில் மெதுவாகத்தான் நடக்க முடிந்தது.

* * *

மேலே எழுதியவர் மலையைச் சொன்னார், நான் தண்ணீரைச் சொல்கிறேன். பெய்ஜிங்கின் தென்மேற்கே, யீ மாவட்டத்தில் உள்ள மேற்கு சிங் கல்லறைகளில் முலிங்குக்கு அவசியம் போங்கள். மிங்குக்கு அடுத்து வந்த சிங் வம்சத்தின் தாவோகுவாங் பேரரசருடையது.

சிங் வம்சத்துக்குக் கிழக்கில் ஒன்று, மேற்கில் ஒன்று என்று இரண்டு கல்லறை நிலங்கள். தந்தை ஒரு பக்கம் என்றால் மகன் மறுபக்கம், மாறி மாறி என்பது அவருடைய தாத்தா சியான்லோங் பேரரசர் வகுத்த முறை. அதன்படி தாவோகுவாங் கிழக்கில்தான் கட்டினார். வேலை 1827இல் முடிந்து, முன்பே இறந்துபோன அரசியை அங்கே வைத்தார்கள். மறு வருடமே உள்ளே தண்ணீர் கசிந்தது தெரியவந்தது. பொறுப்பில் இருந்த அதிகாரிகள் தண்டிக்கப்பட்டார்கள். மொத்தத்தையும் இடித்துவிட்டு, முறையையும் மீறி மேற்கே புதிதாகக் கட்டினார்.

முலிங்கின் மண்டபத்துக்குள் நுழைந்ததும் மரவாசனை வருகிறது. நான்மு என்ற விலையுயர்ந்த மரம், வண்ணமே பூசவில்லை. நிமிர்ந்து பார்த்தால் கூரையின் ஒவ்வொரு கட்டத்திலும் கீழே முகம் நீட்டிய டிராகன் தலை. நிலத்தடி டிராகன்கள்தான் தண்ணீரைக் கக்கின, அவற்றைக் கூரைக்கு ஏற்றிவிட்டால் கீழே ஈரம் வராது என்று பேரரசர் நினைத்ததாகக் கதை. கதை இருக்கட்டும். அவருடைய தாத்தாவின் தந்தை யோங்செங், கிழக்கில் பார்த்த இடத்தில் மண்ணில் மணலும் கல்லும் கலந்திருக்கிறது என்றே அதை ஒதுக்கியவர். மண்ணைத் தோண்டிப் பார்ப்பதும் இந்தக் கலையில் சேர்த்திதான். தாவோகுவாங்குக்கு முதலில் இடம் பார்த்தவர்கள் மலையின் அழகில் மயங்கி மண்ணை விட்டுவிட்டார்கள் என்பது என் எண்ணம்.

* * *

கிழக்கு சிங் கல்லறைகளைப் பற்றி நானும் இரண்டு வரி சேர்க்கிறேன். ஷுன்ஷி பேரரசரின் கல்லறையான சியாவ்லிங்கில் பின்னால் ஒரு மலை, தெற்கே தொலைவில் எதிர்மலை, நடுவில் நீண்ட பாதை. பின்மலைக் காட்டில் மரம் வெட்டக்கூடாது என்று எல்லைக் கம்பங்கள் நட்டுக் காத்தார்கள். சிங் வம்சம் 1912இல் வீழ்ந்த பிறகு அந்தக் காடு வெட்டப்பட்டது. 1928இல் சுன் தியன்யிங் என்ற படைத்தலைவரின் படைகள் சியான்லோங் பேரரசர், பேரரசி சிக்ஸி ஆகியோரின் கல்லறைகளைக் கொள்ளையடித்தன. கொள்ளையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், காடு போனதை யாரும் சொல்வதில்லை. எனக்கு அதுதான் அதிகம் வலித்தது. அங்கே போகிறவர்கள் சிக்ஸியின் கல்லறையோடு திரும்பிவிடாமல், சியாவ்லிங் பாதையை முழுசாக நடந்து பாருங்கள். அரை நாள் ஒதுக்கினால் சரியாக இருக்கும்.