ஏசி கேள்வியில் பூஜ்யம்

கணக்கு வாத்தியார்:
போன வருடம் நடந்தது, இன்னும் உறுத்துகிறது. ஹைடெக் லேபில் ஒன்பதாம் வகுப்புக்கு, பிசா என்ற சர்வதேச மாணவர் தேர்வில் 2012-இல் வந்த அந்த ஏசி கேள்வியைக் கொடுத்தேன். திரையில் ஏசியின் மூன்று பட்டைகளை நகர்த்திப் பார்த்து, எது வெப்பத்தை மாற்றுகிறது, எது ஈரப்பதத்தை மாற்றுகிறது என்று அம்புக்குறி போட வேண்டுமே, அதேதான். ஆங்கிலத்தில் இருந்ததை நானே தமிழில் சொன்னேன். பத்து நிமிடம். பாதிப் பேர் மூன்றையும் சேர்த்து இழுத்தார்கள். ஒருத்தி மட்டும் ஒன்றை நகர்த்தி, நோட்டில் எழுதி, ரீசெட் அழுத்தி, அப்புறம்தான் அடுத்ததைத் தொட்டாள். மூன்றாவதுக்கு வரும்போது நேரம் முடிந்தது. பக்கத்துப் பையன் குத்துமதிப்பாகப் போட்டது சரியாக விழுந்துவிட்டது. அவனுக்கு முழு மதிப்பெண், இவளுக்குப் பூஜ்யம். "சார், ஒண்ணொண்ணா நகர்த்தினாத்தானே சார் தெரியும்?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை, பட்டியலில் அப்படியே ஏற்றிவிட்டேன்.

சமூக அறிவியல் டீச்சர்:
எனக்கு அதே பிசாவின் டிக்கெட் மெஷின் கேள்வி. மாணவர் சலுகையில் சுரங்க ரயிலில் இரண்டு பயணத்துக்கு டிக்கெட் எடுக்கச் சொல்வார்கள், போனால் அந்த டிக்கெட் இல்லை என்று மெஷின் சொல்லும், முழுக் கட்டணத்துக்கு மாறுகிறார்களா என்று பார்ப்பதுதான் கேள்வியே. எங்கள் பிள்ளை ஒருவன் திரும்பத் திரும்பச் சலுகையையே அழுத்தினான். "ஸ்டூடன்டுக்கு எப்படி டீச்சர் இல்லாம போகும்?" என்று கேட்டான். தினமும் இலவச பஸ் பாஸில் வருகிறவன். அவனுக்கு யோசிக்கத் தெரியவில்லை என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

ஒன்பதாம் வகுப்பு அம்மா:
என் மகனுக்கு அன்றுதான் முதல் முறை மவுஸ். பத்து கம்ப்யூட்டர், 38 பிள்ளைகள். பட்டையைப் பிடித்து இழுக்கவே வரவில்லையாம், விரல் நழுவி நழுவிப் போயிருக்கிறது. வீட்டில் மிக்ஸி ரிப்பேரானால் கழற்றி மாட்டுகிறவன் அவன்தான்.

பயிற்றுநர்:
வாத்தியார் சார், மன்னிக்கணும், தவறு கேள்வியில் இல்லை, நீங்கள் மதிப்பெண் போட்ட விதத்தில்தான். பிசாவில் 44 நாடுகள், பகுதிகளில் சுமார் 85,000 பிள்ளைகள் அந்தத் தேர்வை எழுதினார்கள், சிங்கப்பூரும் கொரியாவும் மேலே வந்தன. ஆனால் அங்கே எந்தப் பட்டையை எப்போது நகர்த்தினார்கள் என்பதெல்லாம் கம்ப்யூட்டரில் பதிவானது. உங்கள் மாணவி செய்ததைத்தான், மற்றதை அசையாமல் வைத்து ஒன்றை மட்டும் மாற்றுவதைத்தான், அதில் தேடிப் பார்த்தார்கள். தமிழ்நாடும் இமாச்சலும் பிசாவின் 2009 சுற்றின் நீட்சியில் எழுதியது பேப்பரில், அதில் இந்த வசதியே கிடையாது. கம்ப்யூட்டரில் வைத்துவிட்டு விடையை மட்டும் எண்ணுவதென்றால் பேப்பரிலேயே வைக்கலாம். அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள்: முதல் வாரம் தேர்வே வேண்டாம், மவுஸ் பழகட்டும். நேரக் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள். ஆளுக்கு ஒரு வெள்ளைத்தாள் கொடுத்து என்ன செய்தோம் என்று எழுதச் சொல்லி, அதற்குப் பாதி மதிப்பெண் கொடுங்கள். இரண்டு பேரை ஒரே கம்ப்யூட்டரில் உட்கார வைத்தால் பேசிக்கொண்டே செய்வார்கள், யோசனை உங்கள் காதில் விழும். டீச்சர் சொன்ன டிக்கெட் கேள்வியில் ரயிலை நம்மூர் பஸ்ஸாக மாற்றிவிடாதீர்கள், நம் பிள்ளைகள் சிக்குகிற இடமே போய்விடும்.

சமூக அறிவியல் டீச்சர்:
நான் மாற்றச் சொல்லவில்லையே. அவன் ஏன் அழுத்தினான் என்று கேட்காமல் மதிப்பெண் போடக் கூடாது என்கிறேன், அவ்வளவுதான். 38 பேரிடமும் கேட்க ஒரு பீரியட் போதாது என்பதும் எனக்குத் தெரியும்.

கணக்கு வாத்தியார்:
பயிற்றுநர் சார் சொல்வது சரி, ஏற்றுக்கொள்கிறேன். அவள் இப்போது பத்தாவது. அந்த நோட்டு இருக்கிறதா என்று நேற்று கேட்டேன். எடுத்து வந்தாள். இரண்டு பட்டைகளுக்கு எழுதியிருந்தது, இரண்டுமே சரி. மூன்றாவதுக்கு நேரே கோடு போட்டு காலியாக விட்டிருந்தாள்.